மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?



2015 ஜனவரியில் வெளிவந்த 'பேபி' இந்திப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இயக்கம் நீரஜ் பாண்டே, நாயகன் அக்‌ஷய் குமார். அரசு வெளியில் ஒப்புக்கொள்ளாத ஒரு சிறு இரகசியப் பிரிவு, இஸ்தான்புல், காத்மாண்டு, சவூதி என்று போய் பயங்கரவாதிகளைப் பிடிக்கும் கதை. வழக்கமான மசாலா குறைவு. கடைசி விமான நிலையக் காட்சியில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். எங்கள் படிப்பு வட்டத்தில் அதைப் போட்டுப் பார்த்தோம். நன்றாக எடுத்த படம் என்பதால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மோசமான படத்தை யாரும் நம்பப் போவதில்லை.

அதில் ஒரு விசாரணைக் காட்சி. பிடிபட்டவன் தன் மதத்தைச் சொல்லி நியாயம் பேசுகிறான். அதற்கு நாயகன், விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தில் நாங்கள் 'இந்தியன்' என்று பெரிய எழுத்தில் எழுதுகிறவர்கள் என்கிறான். கைதட்டல் வாங்குவதற்கென்றே எழுதப்பட்ட வசனம் அது. எங்கள் அறையிலும் இரண்டு பேர் தட்டினார்கள்.

நாயகனின் பெயர் அஜய் சிங் ராஜ்புத். மதக் கட்டத்தை அவன் எப்படி வேண்டுமானாலும் நிரப்பலாம். சாதி அவனுடைய பெயரிலேயே இருக்கிறது. அதை யாரும் அவனிடம் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் அவனுக்கு நட்டமில்லை.

நாங்கள் ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம். அந்தக் கட்டத்தில் 'இந்தியன்' என்று எழுதினால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை மதத்தோடு கட்டிப்போட்டது. முதலில் இந்துக்கள் மட்டும் என்றிருந்ததில் 1956இல் சீக்கியரும் 1990இல் பவுத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத்துக்கோ இசுலாத்துக்கோ போன தலித்துக்கு அதில் இடமில்லை. எங்கள் வட்டத்திலேயே ஒரே தெருவில், ஒரே தாத்தாவுக்குப் பிறந்த வழியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி பட்டியல் சாதி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிற இன்னொருத்தி பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறாள். ஊரில் இருவருக்கும் ஒரே சேரி, ஒரே சுடுகாடு. சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் முதலாமவளுக்கு வரும், இரண்டாமவளுக்கு வராது. மதம் என்ற கட்டம் எங்களுக்கு வசனம் பேசுகிற இடமல்ல.

இரண்டாவது, அந்த விசாரணை அறை. படத்தில் பிடிபடுகிறவன் குற்றவாளி என்று பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் அடி சரியாகப் படுகிறது. உண்மை வாழ்க்கையில் அது யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. 2002 அக்‌ஷர்தாம் தாக்குதல் வழக்கில் ஆறு முஸ்லிம்களைக் குற்றவாளிகள் என்றார்கள். மூவருக்குத் தூக்கு. 2014 மே 16 அன்று உச்சநீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. பொடா சட்டத்தின் கீழ் போலீஸ் வாங்கிய வாக்குமூலங்களை நம்ப முடியாது என்றது. 'பேபி' திரைக்கு வந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து.

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பெயர் சொல்கிறோம்: சுதீர் தாவ்லே. மராத்திய தலித் எழுத்தாளர், செயல்பாட்டாளர். 2011 ஜனவரியில் கைது செய்யப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, 2014 மே மாதம் குற்றமற்றவர் என்று விடுதலையானார். 2018 ஜூனில் பீமா கோரேகான் வழக்கில் மீண்டும் கைது. பிணை கிடைத்தது 2025 ஜனவரியில். இரண்டு முறையும் அவர்மேல் பாய்ந்தது ஊபா, அதாவது பயங்கரவாதத்துக்கான அதே சட்டம். அதே பீமா கோரேகான் வழக்கில் ஆனந்த் தெல்தும்ப்டே சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். திருச்சி மண்ணில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த ஸ்டேன் சுவாமி, பிணை கிடைக்காமலேயே 2021 ஜூலை 5 அன்று உயிர்விட்டார். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015 சிறைப் புள்ளிவிவரப்படி, விசாரணைக் கைதிகளில் 55 விழுக்காட்டுக்கு மேல் தலித், ஆதிவாசி, முஸ்லிம் மக்கள். அந்த அறையில் நாற்காலியில் கட்டப்படுகிறவன் யார் என்று இனியும் சொல்ல வேண்டுமா?

குண்டு வெடித்தால் சாவது ஏழைகளும்தான். ரயில் நிலையத்திலும் சந்தையிலும் நிற்பது நம் ஆட்கள். பயங்கரவாதியைப் பிடிக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பை, 15ஏ என்ற எண்ணில் 1949 செப்டம்பரில் அவையில் கொண்டுவந்தவர் அம்பேத்கர். தடுப்புக்காவலுக்கும் அதில் இடம் விடப்பட்டது என்பது உண்மை. ஆனாலும் நம் பையனை நள்ளிரவில் ஜீப்பில் ஏற்றும்போது கையில் பிடித்துக்கொள்ள இருப்பது அந்த ஓர் உறுப்புதான்.

இப்படிப் படங்கள் இன்னும் வரும். பாருங்கள், ரசிக்கவும் செய்யுங்கள். பார்க்கும்போது ஒரு கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: பிடிபட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் நடுவர் முன் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர். பிறகு உங்கள் விடுதியில் உட்கார்ந்து பேசுங்கள். கைதட்டியவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.