யார் அரைத்த சீயக்காய்?

ஷாம்புவை விட்டுவிட்டேன் என்றால் எல்லாரும் கேட்பது, "முடி கொட்டுறது நின்னுடுச்சா?" நிற்கவில்லை. ஐம்பதை நெருங்கும் தலையில் எதைத் தேய்த்தாலும் பரம்பரைதான் ஜெயிக்கும். நான் மாறியதற்குக் காரணம் குப்பை. ஷாம்பு பாக்கெட்டின் உறை பல அடுக்குகள் ஒட்டியது. பிரித்து மறுசுழற்சி செய்வது அநேகமாக நடக்காத காரியம். பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர்கூட அதைக் குனிந்து எடுப்பதில்லை. கிழித்த மூலையும் உறையும் நேராகச் சாக்கடைக்குப் போகின்றன.

ஆகவே சீயக்காய். அதோடு பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்தி இலை, எலுமிச்சைத் தோல். மொட்டைமாடியில் போட்டு, ஒடித்தால் சத்தம் கேட்கும்வரை காயவைக்க வேண்டும். பிறகு சீயக்காய்க்கென்று தனி மெஷின் வைத்திருக்கும் மில்லைத் தேடிப் போகவேண்டும். மிளகாய் அரைத்த மெஷினில் போட்டால் தலை என்ன பாடுபடும் என்று விளக்க வேண்டியதில்லை. கொங்குப் பக்கம் இதே வேலைக்கு அரப்புத் தூள் இருக்கிறது. அது உசில மரத்து இலை.

சீயக்காயில் இருக்கும் சபோனின்தான் எண்ணெயைத் தண்ணீரோடு இழுத்துப் போகிறது. பூந்திக்கொட்டையிலும் அதே சரக்குதான். சோப்பு காரம், சீயக்காய்க் கரைசலோ லேசான புளிப்பு, நம் தலைத்தோலைப் போலவே. ஆனால் நுரை குறைவு. நுரைதான் சுத்தம் என்று பழகிய கைக்கு முதலில் நம்பிக்கையே வராது. வடித்த கஞ்சியில் குழைத்தால் வழியாமல் முடியில் பிடிக்கும். கண்ணில் பட்டால் எரியும். அதற்கு மாற்று வழி கிடையாது.

இவ்வளவையும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "ஆசையா இருந்தா நீயே காயப்போடு, நீயே அரைச்சுட்டு வா, பாத்ரூம் தரையையும் நீயே கழுவு. என்னை மட்டும் இழுக்காதே" என்றாள். எனக்கு நினைவில் இருந்தது எண்ணெய்க் குளியலின் வாசனை. அவளுக்கு நினைவில் இருந்தது வேலை. வெள்ளிக்கிழமையானால் விடியுமுன் வெந்நீர் அடுப்பு, வீட்டில் ஒவ்வொரு தலைக்கும் எண்ணெய், ஒவ்வொரு தலைக்கும் சீயக்காய். அவள் தலைக்குக் கடைசியில் மிஞ்சிய தூள். இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தலில் சிக்கிய திப்பியை உதிர்க்கவே அரை நாள் போகும்.

இந்த வேலையைக் குறைத்தது பாக்கெட் ஷாம்புதான். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றுக் காட்டினார். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு ஐம்பது பைசாவுக்குக் கிராமத்துப் பெட்டிக்கடைவரை தொங்கியது. அதை விளம்பரத்தின் வெற்றி என்று மட்டும் சொன்னால் அம்மாவைப் போன்றவர்களின் கணக்கு விட்டுப்போகும். அவர்களுக்கு அது காலை நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. வேலைக்குப் போகிற பெண் பத்து நிமிடத்தில் தலைக்குக் குளித்துவிட்டு பஸ் பிடிக்க முடிந்தது.

யார் உழைப்பு என்ற இந்தக் கணக்கு வீட்டுக்கு வெளியேயும் உண்டு. சீயக்காய் முள் நிறைந்த கொடியில் காய்ப்பது. மலைக்காடுகளில் பழங்குடி மக்கள் அதைப் பறித்து வருகிறார்கள். சிறு வனப்பொருளைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு அளித்தது. நாட்டுமருந்துக் கடையில் பேரம் பேசி வாங்கும்போது அந்த முள் நமக்குத் தைப்பதில்லை. இயற்கைக்குத் திரும்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் கூலியில் மிச்சம் பிடிப்பது என்ன நியாயம்?

இப்போது காயப்போடுவது, மில்லுக்குப் போவது, சல்லடை கழுவுவது, தரையில் படிந்த பழுப்பைத் தேய்ப்பது எல்லாம் என் வேலை. மனைவி ஷாம்புதான் போடுகிறாள். பாக்கெட்டை விட்டுப் பெரிய பாட்டிலுக்கு மாறிவிட்டாள். அவளிடம் நான் உபதேசம் செய்வதில்லை. பாட்டி காலத்து வழக்கத்துக்குத் திரும்பலாம், தாராளமாக. ஆனால் பாட்டி செய்த வேலையையும் திரும்புகிறவரே எடுத்துக்கொள்ள வேண்டும்.