மகளிடம் கற்ற பாடம்

எழுத்துகளின் பிறப்பிடம் அறிந்தவர் எனும் செருக்கு நமக்கு நெடுங்காலம் இருந்தது. மதரஸாவில் தஜ்வீத் பயின்றபோது ஒவ்வோர் அரபெழுத்தின் மக்ரஜையும் கற்றோம். பின்னர்த் தொல்காப்பியப் பிறப்பியலில், பகரமும் மகரமும் இதழிரண்டும் பொருந்தப் பிறப்பன எனக் கண்டு மகிழ்ந்தோம். அரபியின் பாவும் மீமும் இதழில் பிறப்பனவே அல்லவா!

இச்செருக்கைக் கலைத்தவள் நம் மகள். செவித்திறன் குறைந்த மழலையர்க்குக் கற்பிக்கும் ஆசிரியைக்குரிய ஓராண்டுப் பட்டயப் பயிற்சியில் 2012ஆம் ஆண்டு அவள் சேர்ந்தாள். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, உரிய பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்டோரே இப்பணி ஆற்றலாம். "குழந்தைகளோடு விளையாடுவதற்கும் ஒரு பட்டயமா?" என்று நாம் நகைத்தோம்.

அவள் கொணர்ந்த பாடங்கள் நம் நகைப்பை அடக்கின. செவியின் அமைப்பு, செவித்திறன் வரைபடத்தைப் படிக்கும் முறை, காதொலிக் கருவி இயங்குகிறதா என நாள்தோறும் சோதித்தல், வீட்டிலும் பேச்சை வளர்க்கத் தாயைப் பழக்குதல் என அவை விரிந்தன. ஒருநாள் நம் எதிரே அமர்ந்து, ஓசையின்றி இதழ் அசைத்தாள். "மாடு" என்றோம்.

"இல்லை வாப்பா, 'பாடு' என்றேன். உதட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மகரத்துக்கு மூக்கு அதிரும். பிள்ளையின் கையை எங்கள் மூக்கின்மேல் வைத்து அதை உணர்த்துவோம்" என்றாள்.

அக்கணம் ஒரு சிறுவன் நம் நினைவில் வந்தான். பல்லாண்டுகட்கு முன் நம்மிடம் ஓத வந்தவன். பாவின் ஒலியை மீமாக்கி ஓதுவான். பின்னிருந்து அழைத்தால் திரும்பான். நம் வாயையே உற்று நோக்குவான். அதனைத் துடுக்கென்று கொண்டு பிரம்பெடுத்தோம். மூன்றே மாதத்தில் அவன் வருகை நின்றது.

பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் பயிற்சி என்பது இத்துறையோர் வகுத்த நெறி. "இவன் வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று காத்திருக்கும் பெற்றோரே, காத்திராதீர்கள். ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்களே, பிள்ளையின் பின்னே நின்று மெல்லப் பெயர் சொல்லி அழையுங்கள். திரும்பாவிடில் மருத்துவரிடம் அனுப்புங்கள். இதனை நாம் அறிந்தபோது, அச்சிறுவன் வளர்ந்து எங்கோ சென்றுவிட்டிருந்தான்.