ஒளிக்கும் ஒளி

தமிழில் 'ஒளி' என்னும் சொல் பெயராக நின்றால் வெளிச்சத்தைக் குறிக்கும். வினையாக நின்றால் மறைதலையும் மறைத்தலையும் குறிக்கும். வெளிச்சம் எவ்வாறு மறைக்கும் என்று மாணவன் ஒருவன் வினவினால், ஒரே வடிவில் அமைந்த இரு வேறு சொற்கள் அவை என்று கூறிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவார். இலக்கணம் அவ்வளவில் நிறைவு பெறும். ஆயினும் பினாங்குச் சாலைகளில் இரவு நேரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவருக்கு அவ்விரு பொருளும் ஒன்றாகவே தோன்றும். எதிரே வரும் காரின் விளக்கு தன்னை மட்டும் காட்டுகிறது. தனக்கும் தன்னைக் காண்பவருக்கும் இடையிலுள்ள குழியையும், மணலையும், சாலையைக் கடக்கும் முதியவரையும் ஒளித்துவிடுகிறது.

காரின் முன்புறத்தில் அமைந்த ஒளிகள் மூவகைப்படும். எதிரே வண்டி வரும்போதும், முன்னே வண்டி செல்லும்போதும் பயன்படுத்த வேண்டியது தாழ் ஒளி. ஆளில்லாத இருண்ட சாலைக்கு உரியது தூர ஒளி. மூன்றாவது மூடுபனி விளக்கு. முதலிரண்டும் எல்லா வண்டிகளிலும் உண்டு. மூன்றாவது பல வண்டிகளில் அழகுக்காகவே அமைந்துள்ளது எனில் மிகையாகாது.

ஏனெனில் ஜார்ஜ் டவுன் நகரச் சாலைகளில் மூடுபனி என்பது ஏறக்குறைய இல்லாத ஒன்று. மேகம் வந்து தவழ்வதைக் காண வேண்டுமாயின் 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலைக்கு ஏற வேண்டும். அங்கும் மக்கள் பெரும்பாலும் 1923-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய மலையிரயிலில்தான் செல்கின்றனர். அவ்வாறிருக்க, பர்மா சாலையிலும் டத்தோ கிராமாட் சாலையிலும் வானம் தெளிந்த இரவில், தெருவிளக்குகள் வரிசையாக எரியும் இடத்தில், மூடுபனி விளக்கை ஏற்றிக்கொண்டு கார்கள் செல்வது நாள்தோறும் காணும் காட்சியாகிவிட்டது. விளக்கு இருக்கிறது, விசை இருக்கிறது, ஆகவே ஏற்றிவிடுகின்றனர். குடை இருக்கிறது என்பதற்காக வீட்டுக்குள் யாரும் குடை பிடிப்பதில்லை.

மூடுபனி விளக்கின் அமைப்பை அறிந்தவர் அதனை இவ்வாறு பயன்படுத்தமாட்டார். பனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். தூர ஒளியை அதன்மீது பாய்ச்சினால் துளிகள் அவ்வொளியைச் சிதறடித்து ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும்; கண்முன் வெள்ளைத் திரை ஒன்று எழும். அதனால்தான் மூடுபனி விளக்கைத் தரைக்கு அருகில் பொருத்தி, ஒளியை மேலெழவிடாது அகலமாகப் பரப்பினர். சில அடி தூரத்துக்குச் சாலையின் ஓரக்கோட்டைக் காட்டுவதே அதன் பணி. தொலைவைக் காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்பது பரவலான நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியலையைக் காட்டிலும் பன்மடங்கு பெரியவை. அவை மஞ்சள், வெள்ளை என்று வேறுபாடு பாராமல் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறச் செய்கின்றன. பிரான்சு நாடு 1936-இல் சட்டம் இயற்றி எல்லாக் கார்களுக்கும் மஞ்சள் விளக்கைக் கட்டாயமாக்கியது. 1993-இல் அக்கட்டாயத்தைக் கைவிட்டது.

மழைக்காலத்தில் நிலைமை மேலும் கெடுகிறது. நனைந்த தார்ச்சாலை கண்ணாடியாகிவிடும். தரைக்கு அருகிலிருந்து புறப்படும் மூடுபனி விளக்கின் ஒளி அந்தக் கண்ணாடியில் பட்டு எதிரே வருபவரின் முகத்துக்கு நேராக எழும்புகிறது. மழையில் தாமும் பிறர்க்குத் தெரிய வேண்டும் என்று நினைத்து விளக்கை ஏற்றியவர், பிறருக்குச் சாலையே தெரியாமற் செய்துவிடுகிறார். (கனமழையில் நான்கு திசைகாட்டி விளக்குகளையும் ஒருசேர மின்னவிட்டுக்கொண்டு ஓட்டும் வழக்கம் வேறு உண்டு. அந்த வண்டி நிற்கிறதா, திரும்புகிறதா என்று பின்னால் வருபவர் குறி பார்த்துத்தான் அறிய வேண்டும்.)

பின்புற மூடுபனி விளக்கைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் செய்யப்படும் கார்களில் அது உண்டு. கண்ணைப் பறிக்கும் சிவப்பு ஒளி. அதன் ஒளிச்செறிவு 150 முதல் 300 கேண்டெலா வரை இருக்கலாம் என்பது பன்னாட்டு விதி. சாதாரணப் பின்விளக்கு பத்துக் கேண்டெலாவைச் சுற்றியே நிற்கும். செருமனியில் பார்வைத் தொலைவு 50 மீட்டருக்குக் கீழே குறைந்தால் மட்டுமே அதனை ஏற்றலாம். ஏற்றினால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. பிரிட்டனில் அவ்வெல்லை 100 மீட்டர். பனி மிகுந்த நாட்டவரே இத்துணைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் விளக்கைப் பனியில்லாத நாட்டவர் தாராளமாக எரியவிடுகின்றனர். 1997-லும் 2015-லும் சுமத்திராக் காட்டுத்தீயின் புகைமூட்டம் தீவைச் சூழ்ந்தபோது எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. அந்நாள்களில் இவ்விளக்கை ஏற்றியவரை யாரும் குறைகூறப் போவதில்லை.

கண்ணுக்கு நேர்வது என்ன என்பதை எண்ணிப்பார்த்தல் தகும். இருளுக்குப் பழகிய விழி, முழுமையான கூர்மையைப் பெற இருபது முதல் முப்பது நிமிடம் வரை எடுத்துக்கொள்கிறது. விழித்திரையில் உள்ள ஒளியுணர் வேதிப்பொருள் மெல்ல மெல்லச் சேர்ந்து வருவதே அதற்குக் காரணம். அவ்வாறு சேர்த்துவைத்ததை ஒரு நொடிப் பேரொளி வெளுக்கச் செய்துவிடும். அதனோடு, கண்ணுக்குள் புகும் பேரொளி விழிவில்லையில் சிதறி, காட்சி முழுவதன்மீதும் மெல்லிய வெண்மையைப் பூசிவிடுகிறது. மங்கலான உருவங்கள் அதில் கரைந்து போகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கும் அதிகமாகக் கடக்கிறது. மூன்று வினாடி கண் தெளியாவிட்டால் 50 மீட்டர் தொலைவைக் குருடாகவே கடந்ததாகக் கொள்ள வேண்டும். வயது ஏற ஏற விழிவில்லை மஞ்சள் நிறமேறிக் கலங்குகிறது, கண்மணி சுருங்குகிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயது இளைஞனுக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே போய்ச் சேருகிறது. அதாவது, முதியவருக்குப் பொதுவாக வெளிச்சம் போதாது; எதிரே வரும் வெளிச்சமோ அளவுக்கு மிஞ்சியது. இரவில் வண்டி ஓட்டுவதைப் பலர் அறுபதுக்குப் பின் கைவிடுவதற்கு அச்சம் காரணமன்று.

இவையெல்லாம் இரவுக்கு உரிய செய்திகள் என்று கொள்ளுதல் பிழை. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டது. கதிரவன் அக்கட்டளையை ஏற்கவில்லை. மேற்கே ஒதுங்கி நிற்கும் பினாங்குத் தீவில் சனவரி, பிப்ரவரித் திங்கள்களில் ஏறத்தாழ ஏழரை மணிக்குத்தான் பொழுது புலர்கிறது. பள்ளிகளோ அந்நேரத்தில் தொடங்குகின்றன. மாநிலத்தில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளின் வாயிலிலும் அந்நாள்களில் ஆறே முக்கால் மணிக்கு நின்று பார்ப்பவருக்கு இருளும் விளக்குமே தெரியும். தந்தை ஓட்டும் மோட்டார் சைக்கிளில் முன்னே ஒரு பிள்ளை, பின்னே ஒரு பிள்ளை. பின்னவளின் முதுகில் தன் எடையில் பாதியென்று தோன்றும் புத்தகப் பை. காரில் வரும் பிள்ளைகள் வாயிலருகே இறங்குகின்றனர். இறக்கிவிடும் கார் முகப்பு விளக்கை அணைக்காமலே நிற்கிறது, சில வேளைகளில் தூர ஒளியோடும் நிற்கிறது. அதற்கு எதிர்த்திசையில் வரும் தந்தைக்கு, அந்த விளக்கின் முன்னால் குறுக்கே ஓடும் குழந்தை தெரிவதில்லை. அக்குழந்தையோ விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் தன்னை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நம்புகிறது. வெளிச்சத்தில் நின்றால் பிறருக்குத் தெரிவோம் என்பதைத்தானே அதற்குக் கற்பித்திருக்கிறார்கள்!

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் நிலை தனித்து எண்ணத்தக்கது. மலேசியச் சாலைகளில் மாண்டோர் தொகை 2016-இல் 7,152. ஆண்டுதோறும் இவ்வாறு மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களைப் பிறர் காணும்படி செய்ய வேண்டும் என்றுதான் 1992-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் பகலிலும் அவர்கள் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி வந்தது. சிரம்பான், ஷா ஆலாம் பகுதிகளில் நடந்த ஆய்வு, கண்ணில் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. ஒரு சிறு விளக்கு செய்த பேருதவி அது. அவ்வுதவி எதனால் கிட்டியது? சுற்றிலும் விளக்கில்லாத வண்டிகளுக்கு நடுவே விளக்குள்ள வண்டி தனித்துத் தெரிந்ததனால் கிட்டியது. காருக்கு நான்கு விளக்குகள் வீதம் எரியும் சாலையில் அந்த ஒற்றை விளக்கு, திருவிழாக் கூட்டத்தில் அகல் விளக்கு ஏந்தியவரைப் போல மறைந்துபோகிறது.

பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972-இல் தொடங்கிய நாள் முதல், மாறு நேர வேலைக்காகப் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வரும் தொழிலாளர் கூட்டம் ஓய்ந்ததில்லை. முதலில் படகில் வந்தனர். 1985-க்குப் பின் பினாங்குப் பாலத்தின் வழியே வருகின்றனர். இரவு வேலை முடிந்து, உறங்காத கண்ணோடு, கீறல் விழுந்த தலைக்கவசக் கண்ணாடியின் ஊடே பார்த்துக்கொண்டு கடலின் மேல் செல்லும் ஒருவருக்கு எதிரொளி எத்தகையது என்பதைக் குளிரூட்டிய காருக்குள் அமர்ந்து அறிய முடியாது. கண்ணாடியின் ஒவ்வொரு கீறலும் ஒளியை வாங்கி ஒரு கதிராக விரிக்கும். பக்கத்திலிருந்து கடற்காற்று தள்ளும். பின்னால் வரும் காரோ, வழிவிடச் சொல்லித் தூர ஒளியை மின்னவிட்டுக்கொண்டே நெருங்கும். அவ்வொளி பக்கக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைத் தாக்கும். 2014-இல் திறக்கப்பட்ட சுல்தான் அப்துல் ஹலிம் முவாட்ஸாம் ஷா பாலத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைத்தது நல்ல செயல். தடத்தைப் பிரிக்கலாம், ஒளியைப் பிரிக்க இயலவில்லை.

தூர ஒளியை மின்னவிடுதல் ஒரு மொழியாகவே வளர்ந்துவிட்டது. அதற்கு இலக்கணந்தான் இல்லை. "நான் வருகிறேன், நீ நில்" என்பது மலேசியாவில் அதற்குரிய பொருள். "நீ முதலில் செல்" என்பது பிரிட்டனில் பலர் கொள்ளும் பொருள். ஒரே சைகைக்கு நேர்மாறான இரு பொருள்கள்! வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஒருவர் முதல் வாரத்திலேயே இதனால் இடர்ப்படக்கூடும். முன்னே காவலர் நிற்கின்றனர் என்று எச்சரிப்பதும் இதே மின்னல்தான், திட்டுவதும் இதுதான். பாலிக் பூலாவ் மலைச்சாலையின் வளைவுகளில் ஒருவர் ஒளியைத் தாழ்த்தாமல் வந்தால், எதிரே வருபவர் பழிக்குப் பழியாகத் தம் ஒளியையும் உயர்த்துவார். விளைவு, ஒரே வளைவில் இரு குருடர்.

அளவுக்கு மிஞ்சிய ஒளியை மக்கள் நாடுவதற்குக் காரணம் உண்டு. அவர்களை முற்றிலும் பழித்தல் தகாது. வெயில் கொடுமைக்கு அஞ்சிக் காரின் கண்ணாடிகளில் கருந்தாள் ஒட்டுகின்றனர். முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையேனும் உள்ளே விட வேண்டும் என்பது விதி. அதற்கும் கீழே இறங்கியவருக்கு இரவில் சாலை தெரிவதில்லை. உடனே கடைக்குச் சென்று வெண்ணீல ஒளி வீசும் குமிழை வாங்கிப் பொருத்துகின்றனர். ஆலசன் குமிழுக்கென வடித்த கிண்ணத்தில் வேறு வகைக் குமிழை இட்டால், ஒளி புறப்படும் இடம் சிறிது பிறழ்ந்து, தரையில் விழ வேண்டியது மரக்கிளையில் விழும். தொழிற்சாலையிலேயே செனான் விளக்கோடு வரும் கார்களில் அவ்விளக்கைத் தானே தாழ்த்திச் சரிசெய்யும் பொறியும் சேர்ந்தே வருகிறது. கடையில் வாங்கிய குமிழோடு அப்பொறி வருவதில்லை. கண்ணாடியைக் கறுப்பாக்கிக்கொண்ட குற்றத்துக்குத் தண்டனையை எதிரே வருபவர் அனுபவிக்கிறார்.

தமிழ்நாட்டில் முகப்பு விளக்கின் நடுவே கறுப்பு வில்லை ஒட்டும் வழக்கம் நெடுநாளாக உண்டு. போக்குவரத்துக் காவலரே வண்டிகளை நிறுத்தி ஒட்டிவிடுவர். இந்திய லாரிகளின் பின்புறத்தில் இரவில் ஒளியைத் தாழ்த்துமாறு வேண்டும் ஆங்கில வாசகம் வண்ண எழுத்தில் காணப்படும். விளக்கின் நடுவைக் கறுப்பால் மூடுவது முரட்டு மருத்துவம். ஆயினும் நோய் இன்னதென்று அறிந்தவர் செய்த மருத்துவம்.

மலேசியாவில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1959-ஆம் ஆண்டின் வாகன விதிகள் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் உண்டு. முறைகேடான விளக்குகளைத் தேடி அவ்வப்போது சோதனைகளும் நடக்கின்றன. ஆனால் லாரி, பேருந்து முதலிய வணிக வண்டிகளே ஆறு திங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்கின்றன. சொந்தப் பயன்பாட்டுக் கார் பெரும்பாலும் கைமாறும்போதுதான் செல்கிறது. பத்தாண்டு ஒருவரிடமே இருக்கும் காரின் விளக்கு எங்கே நோக்குகிறது என்பதைப் பத்தாண்டும் யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பது கடினமன்று. பல கார்களில் திசைமாற்றியின் அருகே 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று உண்டு. பின்னிருக்கையில் ஆட்களும் பெட்டியில் சுமையும் ஏறினால் வண்டியின் மூக்கு மேலெழும், விளக்கும் மேல்நோக்கும். எண்ணைக் கூட்டினால் ஒளி தாழும். அச்சக்கரம் எதற்கு என்று அறியாமலே காரை விற்றுவிட்டவர் பலர். விளக்கின் நோக்கு சரியா என்பதை அறிய, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்த வேண்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட வேண்டும். தாழ் ஒளியின் மேல்விளிம்பு அக்கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழுந்தால் போதும். 65 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்குள்ள கார் அப்போது 65 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். ஒத்த முக்கோணங்கள் கற்ற மாணவன் இக்கணக்கைத் தானே செய்துவிடுவான். அந்தி சாய்ந்த பின் பள்ளியின் பின்சுவரும், ஓர் அளவுநாடாவும், வகுப்பறையில் எஞ்சிய ஒரு சுண்ணக்கட்டியும் இருந்தால், ஆசிரியர்களின் கார்களிலிருந்தே தொடங்கலாம்.