பிக் பாஸில் ஒரு பாடம்

பிக் பாஸ் பார்ப்பதாகச் சொன்னால், தேக்கா உணவங்காடியில் உடன் அமர்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். "அடுத்தவர் சண்டையில் கற்க என்ன இருக்கிறது?" என்பார்கள். இருக்கிறது, நண்பர்களே!

2017இல் விஜய் டிவியில் கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய முதல் தொடரை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் பலர் ஓவியாவை ஒதுக்கினர். வெளியிலோ ரசிகர்கள் 'ஓவியா ஆர்மி' என்று திரண்டு, வாக்குகளை அள்ளிக் கொடுத்தனர். அந்த அன்பு சுவரைத் தாண்டி அவரிடம் போய்ச் சேரவில்லை. சிரித்த முகத்துடன் வலம் வந்தவர், மனம் தளர்ந்து ஆகஸ்டில் தாமாகவே வெளியேறினார்.

வெளியே ஆயிரம் பேர் வாழ்த்தினாலும், பக்கத்தில் வந்து அமர ஒருவர் வேண்டும். நம் விடுதி உணவறையிலும் தனியே சாப்பிடுபவர் இருக்கலாம். அவர் சிரித்தாலும், ஒருமுறை அருகில் சென்று அமர்வோமே!