அஞ்சு எச்பி என்ஜினுக்கு எத்தனை எச்பி கம்ப்ரசர்?

டவுன்ல இருக்கிறவங்களுக்கு கம்ப்ரசர்னா பஞ்சர் கடை ஞாபகம்தான் வரும். எங்க கொங்குப் பக்கம் கம்ப்ரசர்னா தண்ணி. போர்ல தண்ணி கம்மியா இருந்து, மண்ணும் கலந்து வந்துச்சுன்னா நீர்மூழ்கி மோட்டாரை இறக்கிட்டு நிம்மதியாத் தூங்க முடியாது. தண்ணி நின்னாக் காயில் கருகிடும். அதனால மேல கம்ப்ரசரை வெச்சு, ஒரு சின்னக் குழாய் வழியாக் காத்தைக் கீழே அனுப்புவோம். காத்துக் குமிழி கலந்த தண்ணி லேசாகிடும். சுத்தி நிக்கிற கனமான தண்ணி அதை மேல தள்ளும். புஸ்ஸு புஸ்ஸுன்னு இருமி இருமி வந்து கொட்டும். உள்ளே சுத்துற சாமான் எதுவும் இல்லை, அதனால கெட்டுப்போகவும் எதுவும் இல்லை.

என் மாமாவுக்கு மேட்டாங்காட்டுல ஒரு துண்டு நிலம். கரண்ட் இன்னும் வரலை. போன வருசம் வெச்ச தென்னம்பிள்ளை பாதிக்கு மேல கருகிடுச்சு. இந்த வருசம் மறுபடியும் அறுபது வெச்சார். "இதுவும் போச்சுன்னா வித்துட்டுப் போயிடலாமுங் மாப்ள" அப்படின்னு சித்திரை மாசம் வரப்புல நின்னு சொன்னார். அவர் வாயில விக்கிறதுங்கிற வார்த்தையை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. அவர் சாளையில அவங்கப்பா காலத்து கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின் ஒண்ணு சாக்குப் போட்டு மூடிக் கிடந்துச்சு. 5 எச்பி, 1500 சுற்று. கிணத்துல தண்ணி இருந்த காலத்துல ஓடினது.

என்ஜின் இருக்கு. கம்ப்ரசர் ஹெட் மட்டும் வாங்கணும். உக்கடத்துல பழைய இரும்புக் கடையில ரெண்டு ஹெட் கிடைச்சது. ஒண்ணு 5 எச்பி, இன்னொண்ணு 3 எச்பி. விலையில பெரிய வித்தியாசம் இல்லை. கூட வந்த பட்டறைக்கார அண்ணன், "அஞ்சு என்ஜினுக்கு அஞ்சு ஹெட்டுதான் தம்பி பொருத்தம், இதுல என்ன யோசனை"ன்னார். ஜாதகம் பார்க்கிற மாதிரி நம்பருக்கு நம்பர் பொருத்தினா இந்த வேலை ஆகாது.

கரண்டு மோட்டார் ஒரு நிமிசம் கூடுதல் சுமை வந்தாலும் அதிகமா கரண்டை இழுத்து சமாளிச்சுடும். டீசல் என்ஜின் அப்படி இல்லை. தட்டுல போட்டிருக்கிற 5 எச்பிதான் அதோட உச்சம். அதுவும் ரிங்கு தேஞ்ச நாப்பது வருசத்து என்ஜின்னா அந்த அஞ்சும் இருக்காது. மேல சுமை ஏத்தினாக் கரும்புகை விட்டு நின்னுடும். என் கணக்கு, கம்ப்ரசருக்கு வேண்டியதைப் போல ஒண்ணரை மடங்காவது என்ஜின்ல இருக்கணும்.

அதைவிட முக்கியம், கணக்கை என்ஜின்ல இருந்து ஆரம்பிக்கக் கூடாது, போரோட அடியில இருந்து ஆரம்பிக்கணும். மாமா போர் 320 அடி. தண்ணி நிக்கிறது 140 அடியில. காத்துக் குழாயை 260 அடிக்கு இறக்கறோம்னா 120 அடி தண்ணிக்குள்ள முங்கியிருக்கும். சுமார் 33 அடித் தண்ணிக்கு ஒரு கிலோ ப்ரெஷர். அப்ப முதல் தண்ணியை அசைக்க மூணரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல போதும். தண்ணி வர ஆரம்பிச்சா மட்டம் இறங்கும், மீட்டரும் இறங்கும். அந்த போர்ல ஊறுறதே கொஞ்சம். பெரிய ஹெட்டைப் போட்டாப் பத்து நிமிசத்துல உறிஞ்சிட்டு அப்புறம் வெறும் காத்தைத்தான் ஊதும். டீசல் மட்டும் அதுபாட்டுக்கு எரியும். 3 எச்பி ஹெட்டையே எடுத்தேன். அண்ணன் முகம் கொஞ்சம் கோணிச்சு.

அடுத்தது புல்லி. ஹெட்டோட தட்டுல 750 சுற்று. அதோட சக்கரம் 12 அங்குலம். பன்னெண்டை 750-ஆல பெருக்கினா 9000. அதை என்ஜினோட 1500-ஆல வகுத்தா 6. என்ஜின்ல 6 அங்குலப் புல்லி. இவ்வளவுதான் கணக்கு, அஞ்சாங்கிளாஸ் பையன் போடுவான். அண்ணன்கிட்ட 8 அங்குலப் புல்லி சும்மா கிடந்துச்சு, "இதைப் போட்டாக் காத்து அதிகம் வரும்"னார். வரும்தான். ஆனா சுற்று 1000 ஆகும், இழுக்கிற சுமையும் மூணுல ஒரு பங்கு கூடும். ஹெட்டு சூடாகும், ஆயில் தீய்ஞ்சு வால்வு தட்டுல கரி பிடிக்கும். புதுசா ஆறு அங்குலம் கடைஞ்சே வாங்கினேன்.

இன்னொண்ணு இருக்கு, பலபேர் இதைப் பார்க்கிறதில்லை. கம்ப்ரசர் சக்கரத்தோட ஆரம் விசிறி இறக்கை மாதிரி வளைஞ்சிருக்கும். அதுதான் ஹெட்டுக்குக் காத்து வீசி ஆத்தும். தலைகீழாச் சுத்தினா வெளிப்பக்கம் வீசும், ஹெட்டு கொதிக்கும். பழைய பட்டை பெல்ட்டா இருந்தா எட்டு மாதிரி முறுக்கிப் போட்டு திசையை மாத்திடலாம். இப்ப இருக்கிற வி-பெல்ட்ல அது முடியாது. அதனால சுத்துற திசைக்குச் சக்கரத்துல போட்டிருக்கிற அம்புக்குறியைப் பார்த்துட்டுத்தான் என்ஜினை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறதுன்னு முடிவு பண்ணி கான்கிரீட் போட்டோம்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ற என்ஜின், சுமையோட கிளம்பாது. காத்து வெளியேறுற இடத்துல ஒரு கேட் வால்வு வெச்சு, அதைத் திறந்துவிட்டுத்தான் ஹேண்டில் அடிக்கணும். என்ஜின் முழு சுற்றுக்கு வந்தப்புறம் மெதுவா மூடணும். போருக்குக் காத்து நேரா போறதால டேங்க் தேவையில்லை. டிராக்டர் டயருக்குக் காத்தடிக்க ஒரு பழைய கேஸ் சிலிண்டரை டேங்கா வெச்சுக்கலாம்னு மச்சான் ஒருத்தன் சொன்னான். அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கலை. உள்ளே தண்ணி சேர்ந்து துருப்பிடிச்ச சிலிண்டர் எப்ப வெடிக்கும்னு யாருக்கும் தெரியாது, பக்கத்துல குழந்தைங்க விளையாடும். சேஃப்டி வால்வு மட்டும் புதுசா வாங்கிப் போட்டோம்.

ஓட்டின அன்னைக்கு மீட்டர் முள்ளு மூணரையைத் தாண்டி நின்னுச்சு. ரெண்டு நிமிசம் ஒண்ணும் வரலை. மாமா குழாய் வாயில காதை வெச்சுக் கேட்டுட்டே இருந்தார். திடீர்னு செம்மண் கலங்கலா அவர் மூஞ்சி மேலயே அடிச்சது. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சது, முள்ளு ரெண்டரைக்கு இறங்குச்சு. 200 லிட்டர் டிரம் நிறைய பத்து நிமிசம். அறுபது பிள்ளைக்கு ஆளுக்கு இருபது லிட்டர்னா ஒரு மணி நேர ஓட்டம், முக்கால் லிட்டர் டீசல். மூணு நாளைக்கு ஒருக்கா ஓட்டினாப் போதும். கரண்டு வந்தா இந்தச் செலவும் இல்லை, அது வர்றப்ப வரட்டும்.

தண்ணியில லேசா ஆயில் வாடை இருக்கு, குடிக்க ஆகாது. மாட்டுக்குக் காட்டினோம், மோந்துட்டுத் திரும்பிக்கிச்சு. தென்னை ஒண்ணும் சொல்லலை. அறுபதுல அம்பத்தேழு குருத்து விட்டிருக்கு. மாமா இப்ப வரப்பு ஓரமா முருங்கை வைக்கக் குழி எடுத்துட்டு இருக்கார்.