இடப்பக்கத் துடிப்பு

உடம்பில் ஓருறுப்புத் தானே துடித்தலை வருவது கூறும் நிமித்தமாகக் கொள்ளுதல் தமிழ் மக்களிடைத் தொன்றுதொட்டு வரும் வழக்கு. இந்திர விழவு நாளிற் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்தன எனச் சிலப்பதிகாரம் கூறும். மகளிர்க்கு இடமும் ஆடவர்க்கு வலமும் நன்மைக்கு அறிகுறி என்பர். இவ்வழக்கில் ஊறி வளர்ந்த 74 வயதுத் தமிழாசிரியர் ஒருவருக்கு இடப்பக்கத்தே இடையறாத துடிப்புத் தோன்றினால் அவருள்ளம் என்ன பாடுபடும்?

அவ்வாசிரியர்க்குப் பேஸ்மேக்கர் எனப்படும் இதய முடுக்கி வைத்து 18 நாட்களே ஆகியிருந்தன. இதயத்தின் மேலறையில் எழும் மின்தூண்டல் கீழறைக்கு இறங்காது வழியிற் றடைப்பட்டு, நாடி நிமிடத்திற்கு 34 என்னும் அளவிற்குத் தாழ்ந்து, இருமுறை அவர் நினைவிழந்து விழுந்த பின்னரே, இடக் காறையெலும்பின்கீழ்த் தோலை வகிர்ந்து அக்கருவியை வைத்தனர். அதனின்றும் மெல்லிய கம்பிகள் இரண்டு குருதிக்குழாய் வழியே சென்று, வல மேலறையிலும் வலக் கீழறையிலும் நுனி பதித்து நின்றன. மயக்கம் அறவே நீங்கிற்று. ஆயினும், இரவில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தவுடன் நெஞ்சாங்குழிக்கு இடப்பால் விக்கலின் தொடக்கம் போன்றதொரு துள்ளல் எழும். விக்கல் வந்து போவது, இது போகவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தபோது நாடி ஒன்றுக்குத் துள்ளல் ஒன்றாக எண் தவறாது வந்தது.

இதனை அவர் எவர்க்கும் உரைத்திலர். மனைவியார் அறிந்தால் நேர்த்திக்கடன்கள் தொடங்கும். மக்கள் அறிந்தால் மறுபடியும் மருத்துவமனை, மறுபடியும் கத்தி. இரவுகளைச் சாய்வு நாற்காலியிற் கழித்தார். தனுவும் கரணமும் உயிர்க்குக் கருவிகளேயன்றி உயிராகா என்று பல்லாண்டு மாணவர்க்கு விளங்கவுரைத்தவர் அவர். அவரே இருளில் மார்பின்மேற் கைவைத்து, துடிப்பது தானோ இரும்போ என்று மயங்கினார். (இரும்பு என்பது அவர் சொல், கருவியின் கூடு டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஆயது.)

துள்ளல் வந்த வழியோ மிக எளியது. வலக் கீழறையின் சுவர் மெல்லியது. அது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்னுந் தசைத்தகட்டின்மேல் அமர்ந்துள்ளது. கம்பி நுனியினின்று வரும் மின் வலிதாயின், இதயத்தை இயக்கியதோடு நில்லாது சுவர் கடந்து அத்தகட்டையும் சுருங்கச் செய்யும். இடக் கீழறைக்கென மூன்றாவது கம்பி வைக்கப்பெற்றார்க்கு, அக்கம்பி உதரவிதானத்திற்கு இறங்கும் நரம்பின் அருகே கிடத்தலின், இத்தொல்லை இன்னும் மிகுதி. படுக்கும் நிலை மாற இதயமும் சிறிது இடம்பெயரும். அதனாற்றான் ஒருபுறம் படுக்கத் தோன்றுவது மறுபுறம் திரும்ப மறைகின்றது. மின்னை வலிதாக வைப்பானேன் எனின், கம்பி நுனி பதிந்த இடம் முதற் சில வாரங்கள் புண்பட்டு வீங்கியிருக்கும். அப்பொழுது இதயத்தை எழுப்ப வேண்டும் மின்னளவு உயரும். ஆதலின் தொடக்கத்தில் 3.5 வோல்ட் போன்ற உயர்ந்த அளவில் வைத்து, ஏறத்தாழ மூன்று திங்கள் கழித்துக் குறைத்தல் மருத்துவர் வழக்கம்.

27ஆம் நாள் இரவு, தந்தையார் நாற்காலியில் விழித்திருத்தலை மகள் கண்டு வினவ, உண்மை வெளிப்பட்டது. மருத்துவர் முதலில் எக்ஸ்-ரே எடுத்துக் கம்பி இதயச் சுவரைத் துளைக்கவில்லை என்று தெளிந்தார். பின்னர்த் தோலின்மேல் ஒரு சிறு பொறியை வைத்து, கத்தியும் ஊசியும் இன்றி மின்னளவைப் படிப்படியாகக் குறைத்தார். 2.5 வோல்ட்டில் துள்ளல் நின்றது, இதயமோ 0.75 வோல்ட்டிலும் தவறாது எழுந்தது. 2 வோல்ட்டில் நிறுத்தி, இரு வாரங் கழித்து மீண்டும் வரச் சொன்னார். "ஐயா, பத்து நிமிட வேலைக்காக ஒன்பது இரவு உட்கார்ந்தே கழித்தீர்களா?" என்று அவர் கேட்க, ஆசிரியர் விடை கூறவில்லை.

எல்லாத் துடிப்பும் இத்துணை எளிதில் அடங்குவதில்லை. கம்பியின் மேலுறை பழுதாயின் மின் கசிந்து மார்புத்தசையைத் துடிக்கச் செய்யும். தோலின்கீழ்க் கிடக்கும் கருவியை விரலாற் புரட்டும் பழக்கம் சிலர்க்கு உண்டு. 1968இல் மருத்துவர்கள் இதனைத் தனி நோயாகவே எழுதினர். புரட்டப் புரட்டக் கம்பி சுருண்டு, நுனி இதயத்தை விட்டு மேலேறி, உதரவிதானத்தையும் பின்னர்த் தோளையும் கையையும் துடிக்கச் செய்யும். இதயம் துணையின்றி நிற்கும். துடிப்போடு தலைச்சுற்றலோ மயக்கமோ வரின் அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். கீழறையில் மட்டும் ஒரு கம்பி வைக்கப்பெற்ற சிலர்க்கு மேலறையும் கீழறையும் காலம் மாறிச் சுருங்கும். மூடிய தடுக்கிதழை மேலறை மோத, குருதி எதிர்த்தெழுந்து கழுத்தில் அடிக்கும். அயர்வும் மூச்சிளைப்பும் தொடரும்.

ஆசிரியர்க்கு இவை நேரவில்லை. அவரை உள்ளபடி வருத்தியது வேறு. கம்பி நுனி நன்கு பற்றும்வரை, ஆறு வாரம் இடக்கையைத் தோளுக்குமேல் உயர்த்தலாகாது என்றிருந்தனர். தலைமேற் கைகுவித்தே வழிபட்டுப் பழகியவர் மார்பளவிற் கூப்பி நின்றார். அச்சத்தால் அந்தக் கையை அறவே அசையாது வைத்திருந்ததால் தோளும் இறுகத் தொடங்கிற்று. மெல்ல அசைக்க வேண்டுமென்று மருத்துவர் கடிந்துரைத்தார்.

இரு வாரங் கழித்துச் சென்றபோது மருத்துவர், 1958 அக்டோபர் 8ஆம் நாள் சுவீடன் நாட்டில் முதன்முதல் உடலினுள் இக்கருவி வைக்கப்பெற்ற ஆர்னே லார்சனைப் பற்றிக் கூறினார். முதற் கருவி சில மணி நேரத்திற் பழுதாயிற்று. வாழ்நாளில் 26 கருவிகளை மாற்றிக்கொண்ட அவர், 2001இல் தம் 86ஆம் வயதில், இதய நோயால் அன்றிப் புற்றுநோயாற் காலமானார். ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்து, "முடிவு வந்த காலத்து இக்கருவி உயிரைப் போகவொட்டாது பிடித்து வைக்குமோ?" என்று கேட்டார். அவ்வொன்பது இரவும் அவர் உள்ளத்திற் கிடந்த வினா இதுவே. "வையாது ஐயா. தசை ஓய்ந்துவிட்டால் கருவி தட்டிக்கொண்டே இருக்கும், திறப்பார் இரார்" என்றார் மருத்துவர். பின்னர், கருவியில் உள்ள மின்கலம் தீயில் வெடிக்கும் என்றும், 1976இல் இங்கிலாந்தில் ஓர் எரியூட்டு நிலையத்தில் அவ்வாறு நேர்ந்தது என்றும், ஆதலின் தகனத்திற்கு முன் அதனை எடுத்துவிட வேண்டுமென்றும் கூறினார்.

ஆசிரியர் வீடு வந்து, கருவியின் விவரம் அச்சிட்ட சிறு அட்டையின் பின்புறத்தே "எரியூட்டுமுன் எடுக்க" என்று தெளிவாக எழுதினார். மனைவியார் நாடோறும் திறக்கும் பெட்டியில் அதனை வையாது, மகளை அழைத்து அவள் கையிற் கொடுத்தார்.