ஏழரை அடி 'அ'

"சார், மிஷின் வாங்கினீங்களே, என்ன ஆச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது 3018 என்கிற சின்ன சி.என்.சி. 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலத்துக்குள் மரத்தைக் குடையும். என் தங்கையின் பேத்திக்கு ஆறு வயது, பார்வை மிகவும் குறைவு. பிரெய்லி படிக்கிறாள். ஆனாலும், "மத்த பிள்ளைங்க எழுதுற 'அ' எப்படி இருக்கும் தாத்தா?" என்று கேட்டாள். உங்களில் பலருக்கு மணலில் விரல் பிடித்து எழுதப் பழக்கியவன் நான். அதே எழுத்தைப் பலகையில் பள்ளமாகக் குடைந்து கொடுத்தால் அவளே தடவிப் பார்த்துக்கொள்வாள் அல்லவா?

மரத்தைக் குடைவது மிஷினுக்குச் சுலபம். எந்த வழியாகப் போக வேண்டும் என்று அதற்குச் சொல்வதுதான் பெரும்பாடு. அந்த வழிக்கு டூல்பாத் என்று பெயர். "உளி போற தடம்னு சொல்லுங்க சார்" என்றார் எங்கள் தெரு ஆசாரி. அவர் கை தானாகச் செய்வதை இங்கே ஒரு மென்பொருள் கணக்குப் போட்டு எழுதித் தர வேண்டும்.

அந்த மென்பொருளுக்குத் தமிழ் வரவில்லை. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வைத்த வட்டம். இன்க்ஸ்கேப்பில் எழுத்து ஒழுங்காக வந்தது. ஆனால் எழுத்துருவில் இருப்பது எழுத்தின் இரண்டு ஓரக் கோடுகள். விரல் போக வேண்டியது நடுவில்! ஆகவே 12 உயிரெழுத்துகளையும் நானே ஒற்றைக் கோடாக வரைந்தேன். கரும்பலகையில் எழுதிய கை இன்னும் மறக்கவில்லை.

வரைந்ததை டி.எக்ஸ்.எஃப். கோப்பாக உள்ளே கொண்டுபோனேன். 'அ' 90 மி.மீ. உயரம். கோப்பில் 90 என்ற எண் மட்டும் போயிற்று. மி.மீட்டரா, அங்குலமா என்று மென்பொருள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமலே அங்குலம் என்று வைத்துக்கொண்டது. 90 அங்குலம் என்றால் ஏழரை அடி. ஏழரை என்றதும் வீட்டம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

அடுத்து, என்ன மரம் என்று பட்டியல் காட்டியது. மேப்பிள், ஓக், வால்நட். என்னிடம் இருந்ததோ மாம்பலகை. வேகத்தைக் குறைத்தால் கட்டர் ஒரே இடத்தில் உரசி மரம் கருகுகிறது. கூட்டினால் மிஷின் திணறுகிறது. துண்டுப் பலகைகளில் ஓட்டி ஓட்டி, 6 மி.மீ. உருண்டை முனைக் கட்டருக்கு நிமிடத்துக்கு 500 மி.மீ., ஒரு தடவைக்கு அரை மி.மீ. ஆழம் என்று பிடித்தேன். நான்கு தடவையில் 2 மி.மீ. பள்ளம்.

இத்தனையும் முடிந்து ஓடவிட்டால் திரையில் 'எரர் 20'. அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. விடைத்தாளில் வெறும் 20 என்று எழுதிக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கு என்ன புரியும்? தேடிப் பார்த்ததில், 'தெரியாத கட்டளை' என்று அர்த்தமாம். இந்த மிஷினுக்குள் இருப்பது ஜிஆர்பிஎல் என்ற சிறு நிரல். கட்டரை மாற்று என்று சொல்லும் எம்6 அதற்குத் தெரியாது. மாற்றுவதற்கு வேறு கட்டரே இல்லாதபோதும் மென்பொருள் தானாக எம்6 எழுதி அனுப்புகிறது. மிஷினுக்குப் புரிகிற பேச்சில் மாற்றிக் கொடுக்க போஸ்ட் பிராசசர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜிஆர்பிஎல்லுக்கு உரியதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிறது. மூடித் திறந்தால் பழையபடி அதன் இஷ்டத்துக்குப் போய்விடுகிறது. அதனால் இப்போதெல்லாம் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த வரியைக் கையாலேயே அழித்துவிடுகிறேன்.

'அ' முதல் 'ஊ' வரை ஆறு பலகை முடிந்தது. எழுத்து தொடங்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் ஆழமாக ஒரு குழி வைத்திருக்கிறேன். போன வாரம் குழந்தை 'அ'வைத் தடவிவிட்டு, "சுழியிலயா ஆரம்பிக்கணும்?" என்றாள். இரண்டாம் முறை நான் விரலைப் பிடிக்கவில்லை. மூன்றாம் முறை சிலேட்டைக் கேட்டாள்.

இன்னும் ஆறு உயிர், ஆய்தம், பிறகு மெய் முழுதும் இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம் வி.எம்.சி. ஓட்டுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். அந்த போஸ்ட் பிராசசரை ஒரே இடத்தில் நிற்க வைக்க வழி தெரிந்தவர்கள் போன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நேரிலேயே வாருங்கள், மதியச் சாப்பாடு நம் வீட்டில்.